வைஸ் என்ற சொல்லுக்குத் தமிழ்

அம்மா மண்டபம் ரோடு,
ஸ்ரீரங்கம்,
11–6–1934

பிச்சமுத்துவுக்கு அண்ணி வள்ளிக்கண்ணு எழுதுவது.

உன் அண்ணன் போய்ச் சேர்ந்து காரியம் முடிந்த பிறகு நீ இந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. நானும் தென்னூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போதும் உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை காலையில் தமுக்கு அடிக்கிற ஆண்டி எங்கள் தெருவுக்கு வந்தான். வரி பாக்கிக்கோ, அம்மை குத்துவதற்கோ என்று நினைத்து நான் எழுந்துகூடப் பார்க்கவில்லை. இருசு ஆற்றுக்குப் போய்விட்டுக் குடத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். “அம்மா, நம்ம பேரைச் சொல்றான்” என்றாள். நான் வெளியே வந்தபோது அவன் நம் வீட்டுக்கு எதிரில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அம்மா மண்டபம் ரோட்டில் வள்ளிக்கண்ணு என்பவள் விபசார விடுதி நடத்துகிறாள், அது பொதுஜனங்களுக்குத் தொல்லை, அதை மூட வேண்டும், ஆட்சேபம் இருந்தால் கோர்ட்டில் வந்து சொல்லலாம் என்று கத்தினான். கூட வந்த கோர்ட் சேவகன் அதையே காகிதத்தில் கொண்டுவந்து என் கதவில் ஒட்டினான். பசை காய்வதற்குள் தெருவே வந்து படித்துவிட்டது.

மாடியில் நான் சீட்டாட்டம் நடத்துகிறேன். ஊருக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஸ்டேஷன் பாபு வருவார், அரிசி மண்டிக்காரர் வருவார், வண்டிக்காரர்கள் வருவார்கள். காசு வைத்து ஆடுவார்கள். பாய்க்கும் விளக்குக்கும் என்று நான் ஒரு பங்கு எடுத்துக்கொள்வேன். போன மாதம் போலீஸ் வந்து சீட்டுக்கட்டையும் பாயையும் சுருட்டிக்கொண்டு போனது. நான் எதையும் மறைக்கவில்லை. அது தப்பு என்று சட்டம் சொன்னால் அபராதம் போடட்டும், கட்டுகிறேன்.

ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வக்கீல் ஜெகபர் அலியிடம் ஓடினேன். அவர் இங்கிலீஷ் காகிதத்தை வரவழைத்துப் பார்த்தார். “இன்ஸ்பெக்டர் எழுதினது ‘வைஸ்’னு ஒரு சொல்லும்மா. வைஸ் நடக்கிற வீடுன்னு எழுதியிருக்கார். தமிழ்ல போட்டவங்கதான் இப்படிப் போட்டிருக்காங்க” என்றார். தமிழில் போட்டது யார் என்று அடியில் பார்த்தேன். உன் கையெழுத்து.

இருசு அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. பெரிய டீச்சர் ஆள் அனுப்பி, விஷயம் தீருகிறவரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சொல்லை நீ எழுதினாய். நீயே எடு.

வள்ளிக்கண்ணு


தென்னூர்,
திருச்சினாப்பள்ளி,
15–6–1934

மரியாதைக்குரிய அண்ணிக்கு பிச்சமுத்து நமஸ்காரம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாததால் வந்த கோபம் அது. என் மேஜைக்கு வருகிற காகிதம் யாருடையது என்று பார்ப்பது என் வேலை அல்ல. இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் தர வேண்டும், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் சூதாட்டம் என்பதற்கான இங்கிலீஷ் சொல்லை எழுதியிருந்தால் நானும் சூதாட்டம் என்றே எழுதியிருப்பேன். அவர் எழுதவில்லை. வைஸ் என்று எழுதினார். அது லேசான சொல் அல்ல. வைஸ் பிரசிடென்ட் என்கிறோமே, அந்த வைஸ் வேறு. அது ஒருவருக்குப் பதிலாக நிற்பவர் என்று அர்த்தம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கருவிக்கும் வைஸ் என்றுதான் பெயர். அதுவும் வேறு, திராட்சைக்கொடி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். ஒரே சத்தம், மூன்று சொற்கள்.

நம்முடைய காகிதத்தில் இருப்பது மூன்றாவது. உங்கள் கடிதம் வந்த பிறகு, கல்லூரியில் லத்தீன் சொல்லித்தரும் பாதிரியார் ஒருவரைப் போய்க் கேட்டேன். லத்தீனில் ‘விட்டியம்’ என்றால் பழுது, குறை. ரோமாபுரியில் பூஜை சடங்கில் பிசகு நேர்ந்தாலும் அதே சொல்தானாம். இங்கிலீஷ்காரன் கடிக்கிற குதிரையையும் உதைக்கிற குதிரையையும் வைஸ் உள்ள குதிரை என்பான். பிறகு மனிதர்களின் கெட்ட பழக்கத்துக்கு அது பெயராயிற்று. இப்போது போலீஸார் ஒரு வகைக் குற்றங்களையெல்லாம் சேர்த்து அந்தப் பெயரால் சொல்கிறார்கள். திருட்டில் பறிகொடுத்தவன் புகார் கொடுப்பான். சூது, கஞ்சா, கள்ளச்சாராயம், விபசாரம் இவற்றில் கொடுப்பவனும் வாங்குபவனும் சம்மதித்தே செய்கிறார்கள். ஒருவரும் புகார் கொடுப்பதில்லை. ஆனாலும் சட்டம் குற்றம் என்கிறது. அந்தக் கூட்டம் முழுவதுக்கும் வைஸ் என்று பெயர். தமிழில் அதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. ஆபீஸில் வழக்கமாக எழுதுவதை எழுதினேன்.

இதில் என் தப்பு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அப்படி ஒரு சொல் விழுகிற இடத்தில் நீங்கள் ஏன் இருக்கிறீர்கள் என்பதே என் கேள்வி. மாடியை மூடிவிட்டுத் தென்னூருக்கு வந்துவிடுங்கள் என்று அண்ணன் காரியம் முடிந்த அன்றே சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. இப்போதும் சொல்கிறேன். குழந்தையை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

பிச்சமுத்து


(அஞ்சல் அட்டை. கோர்ட் ஆபீஸ் விலாசத்துக்கு.)

ஸ்ரீரங்கம்,
19–6–1934

பிச்சமுத்து,

வேண்டுமென்றேதான் கார்டில் எழுதுகிறேன். வேண்டுமென்றேதான் ஆபீஸுக்கு அனுப்புகிறேன். என்னைப் பற்றித் தெருவே படித்தது. உன்னைப் பற்றி உன் ஆபீஸ் படிக்கட்டும். உன் கூடப் பிறந்தவன் பெண்சாதியை விபசாரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, லத்தீனில் அதற்கு அர்த்தம் ஓட்டைப் பானை என்று எனக்குப் பாடம் எழுதுகிறாய். என் வீட்டுக்கு வந்தவர்கள் சம்மதித்து வந்தார்கள், சம்மதித்து ஆடினார்கள். யார் அழுதது? சூதும் அதுவும் ஒரே கூட்டம் என்றால் உன் ஆபீஸில் ரம்மி ஆடுகிறவர்களையெல்லாம் என்ன சொல்லிக் கூப்பிடுகிறாய்? தென்னூருக்கு நான் வரமாட்டேன். சொல்லை எடு.

உன் அண்ணி வள்ளிக்கண்ணு


தென்னூர்,
22–6–1934

அண்ணிக்கு,

நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது. கார்டு தபால் பியூன் கையிலிருந்து எங்கள் ஹெட் கிளார்க் தாஜுதீன் சாகிப் கைக்குப் போய், அங்கிருந்துதான் எனக்கு வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பிச்சமுத்து, ஸ்ரீரங்கத்து வள்ளிக்கண்ணு உங்க அண்ணியா?” என்று கேட்டார். பத்து நாளுக்கு மேலாக அந்தக் கட்டு என் மேஜையில் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர் காகிதத்தைத் தொடக்கூடாது, வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அதை மறைத்தேன் என்று இப்போது என் பேரில் விளக்கம் கேட்கிறார்கள். ஆபீஸில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் சிரிக்கிறார்கள். உங்களுக்குத் திருப்திதானே.

நீங்கள் என் அண்ணி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் இன்னொரு கார்டு போடத் தேவையில்லாதபடி.

யார் அழுதது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்கிறேன். மேலச்சிந்தாமணியில் ராக்கம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். ஜட்கா ஓட்டுகிற காத்தானுடைய பெண்சாதி. அவன் உங்கள் மாடியில் உட்கார்ந்து உட்கார்ந்து குதிரையை விற்றான். பிறகு அவள் கால் தண்டையைக் கழற்றிக்கொண்டு வந்து உங்களிடம் ஈடு வைத்து ஆடினான். அவள் கோர்ட் படியில் உட்கார்ந்து, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மனு எழுதுகிறவனிடம் சொல்லி எழுதவைத்த மனுதான் இந்தக் கேஸுக்கே ஆதாரம். அந்தத் தமிழ் மனுவை இங்கிலீஷில் போட்டவனும் நான்தான். ஒவ்வொரு வரியும் படித்தேன். அவள் அழுதாள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் உங்கள் பார்வைக்கு மாடிப்படி ஏறுகிறவன் மட்டும்தான் தெரிகிறான்.

சம்மதம் என்று எழுதுகிறீர்கள். காத்தான் சம்மதித்தான். ராக்கம்மாள் எப்போது சம்மதித்தாள்? அந்தத் தண்டை இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் பெட்டியில்தானே?

பிச்சமுத்து


ஸ்ரீரங்கம்,
2–7–1934

பிச்சமுத்துவுக்கு,

தண்டை என் பெட்டியில்தான் இருந்தது. உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் உள்ள ஆத்திரம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இருபத்தைந்தாம் தேதி கோர்ட்டில் ஆஜராகி, சீட்டாட்டம் நடத்தியது உண்மை என்று சொன்னேன். அபராதம் போட்டார்கள், கட்டினேன். மாடியை மூடிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மாடியை இனிமேல் கோயிலுக்கு வருகிற யாத்திரைக்காரர்களுக்கு விடப்போகிறேன். கதவில் ஒட்டிய காகிதத்தைப் பற்றி வக்கீல் எடுத்துச் சொன்னார். அது வேறு விஷயம், தனியாக மனுப் போடு என்றார்கள்.

அங்கிருந்து நேரே மேலச்சிந்தாமணி போனேன். ராக்கம்மாள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. தண்டையை அவள் முன்னால் வைத்தேன்.

“குடுத்துட்டா சரியாப் போச்சா?” என்றாள்.

“சரியாப் போவாது. உன்னுது உன்கிட்ட இருக்கட்டும்னு கொண்டாந்தேன்” என்றேன்.

“எம் புருஷன் ஒன் மாடியில உக்காந்திருந்தப்ப நான் பக்கத்து வீட்ல கஞ்சிக்கு நின்னேன். ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சுக்கிட்டியா? ஒரு தடவ கேட்டிருப்பியா, இது யாரு காலு தண்டைன்னு?”

கேட்கவில்லை, பிச்சமுத்து. அவளிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் என்னைத் திட்டினாள். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். சீட்டு வீட்டுக்காரி என்றாள், குடிகெடுத்தவள் என்றாள், உன் மகளுக்கு இப்படி ஒருத்தன் வாய்த்தால் அப்போது தெரியும் என்றாள். அத்தனையும் நின்று வாங்கிக்கொண்டேன். அந்தப் பேச்சில் பொய் ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது அவளே கூப்பிட்டாள். “அந்தத் தமுக்குல சொன்னது நான் சொன்னதில்ல. நான் சீட்டுன்னுதான் எழுதச் சொன்னேன். வேற எதுவும் ஒம்மேல நான் சொல்லல. அத யார் சேத்தாங்கன்னு எனக்குத் தெரியாது” என்றாள்.

எனக்குத் தெரியும். உன் கடிதத்திலேயே இருக்கிறது. அவள் மனுவை நீ ஒவ்வொரு வரியும் படித்தாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். சீட்டு என்று அதில் இருந்தது. நீதான் அதை இங்கிலீஷில் போட்டாய். அதைப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் சோம்பேறித்தனமாக வைஸ் என்று எழுதினார். அது திரும்பி உன் மேஜைக்கே வந்தது. அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று இந்த ஜில்லாவிலேயே உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. தமிழில் ஒற்றைச் சொல் இல்லை, ஆபீஸ் வழக்கம் என்று எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினாயே.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். சீட்டு என்று படித்தும் உன் கை ஏன் அந்தச் சொல்லை எழுதியது?

இருசு ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். குழாயடிக்குக்கூட நான்தான் போகிறேன்.

வள்ளிக்கண்ணு


தென்னூர்,
12–7–1934

அண்ணிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் நானே ஒரு மனு வைத்தேன். மேற்படி நோட்டீஸின் தமிழில் பிழை இருக்கிறது, வைஸ் என்ற சொல்லுக்கு அந்தக் கேஸில் சூதாட்டம் என்பதே பொருள், திருத்தி வேறு நோட்டீஸ் போட உத்தரவாக வேண்டும் என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, “யார் செய்த பிழை?” என்று கேட்டார். நான் செய்தது என்றேன். “எத்தனை வருஷ சர்வீஸ்?” என்றார். சொன்னேன். “இத்தனை வருஷத்தில் சூதாட்டத்துக்குத் தமிழ் தெரியாமல் போய்விட்டதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். வராந்தாவில் கட்சிக்காரர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உத்தரவு ஆகிவிட்டது. பழைய நோட்டீஸ் ரத்து. திருத்திய நோட்டீஸ் உங்கள் கதவிலும் தெருமுனையிலும் ஒட்டப்படும். என்னை மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து நகல் எழுதும் பிரிவில் போட்டுவிட்டார்கள். காலை முதல் சாயங்காலம் வரை மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன். இதுவும் உங்கள் தகவலுக்காகத்தான், அனுதாபத்துக்காக அல்ல.

நீங்கள் கேட்டபடி சொல்லை எடுத்துவிட்டேன். இத்துடன் இதை முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பிச்சமுத்து


ஸ்ரீரங்கம்,
16–7–1934

பிச்சமுத்துவுக்கு,

திருத்திய நோட்டீஸ் வந்தது. சேவகன் வந்து ஒட்டினான். யாரும் வந்து படிக்கவில்லை. ஒரு ஆடு கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது.

நீ முடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். பழைய காகிதத்தைக் கண்ணால் படித்தவர்கள் கொஞ்சப்பேர். இந்த ரோட்டில் எத்தனை பேருக்கு எழுத்து தெரியும்? காதால் கேட்டவர்கள்தான் எல்லாரும். மீன்காரி கேட்டாள், அவள் பிள்ளைகள் கேட்டன, ஆற்றுக்குப் போய் வந்தவர்கள் கேட்டார்கள். நேற்று ராத்திரி முன்பின் தெரியாத ஒருவன் கதவைத் தட்டினான். எதற்கு என்று நான் உனக்கு எழுதத் தேவையில்லை. அரிவாள்மணையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். இருசு உள்ளே மூலையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது பதினாலு.

காகிதம் போதாது. எப்படிச் சொன்னார்களோ அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தமுக்கு அடிக்க வேண்டும். ஊர் தூங்குகிற மத்தியானத்தில் அடித்துவிட்டுப் போகிற வேலை வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்று, ரோடு முழுக்க ஜனம் ஆற்றுக்குப் போகிற நேரத்தில் அடிக்க வேண்டும். ஆண்டியிடம் நான் பேசிவிட்டேன். “கோர்ட் சீட்டு இருந்தா அடிக்கிறேம்மா, ஆனா வாசிக்க எனக்குத் தெரியாது, அன்னைக்குச் சேவகன் சொல்லிக் குடுத்ததத்தான் கத்தினேன்” என்றான்.

அதனால் வாசிக்க ஆள் வேண்டும். நீ வந்து வாசி.

வள்ளிக்கண்ணு


தென்னூர்,
21–7–1934

அண்ணிக்கு,

முடியாது.

நான் சர்க்கார் உத்தியோகஸ்தன். தமுக்கு அடிக்கிறவன் பின்னால் தெருத்தெருவாக நடக்கிறவன் அல்ல. பிழையைத் திருத்தினேன். அதற்காக என் இடம் போயிற்று, பெயர் போயிற்று. இப்போது ஆடிப்பெருக்குக் கூட்டத்தின் நடுவில் என்னை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். இது நியாயம் கேட்பது அல்ல, பழிவாங்குவது.

நான் பதில் எழுத மாட்டேன் என்று சொன்ன கேள்வியை நீங்கள் விடவில்லை, ஒவ்வொரு வரியிலும் அதையேதான் கேட்கிறீர்கள். சரி. எழுதுகிறேன். அந்த மாடியில்தான் அண்ணன் ராப்பகலாக உட்கார்ந்து ஆடினார். ரயில்வே வேலை அதில்தான் போயிற்று. அப்பா விட்டுப்போன நிலம் அதில்தான் போயிற்று. காய்ச்சல் வந்தபோதும் படுக்க மாட்டேன் என்று ஆடிக்கொண்டே இருந்து, அந்தப் பாயிலேயே விழுந்தார். அவர் எரிந்து அடங்குவதற்குள் அதே பாயை விரித்து அதே விளக்கை ஏற்றி, அவரைக் கெடுத்த அதே ஆட்களை உட்காரவைத்து நீங்கள் பிழைக்க ஆரம்பித்தீர்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா? அந்தக் காகிதம் என் மேஜைக்கு வந்தபோது சூதாட்டம் என்ற சொல் எனக்குப் போதவில்லை. அந்த வீட்டுக்கு அதைவிடக் கெட்ட சொல் ஒன்று வேண்டியிருந்தது. கைக்கு வந்தது அது.

இதைத்தானே கேட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தெருவுக்கு நான் வரமாட்டேன்.

பிச்சமுத்து


ஸ்ரீரங்கம்,
7–8–1934

பிச்சமுத்துவுக்கு,

வரமாட்டேன் என்று எழுதியவன் வந்தாய். தமுக்குக்குக் கோர்ட் சீட்டை வக்கீல் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆடிப்பெருக்கு அன்று காலையில் ஆண்டி மட்டும் வருவான், வாசிக்க வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நானும் ஜெகபர் அலியும் பேசி வைத்திருந்தோம். நான் மாடியில் யாத்திரைக்காரர்களுக்குக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். தமுக்குச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தேன். ஆண்டிக்குப் பின்னால் நீ நின்றாய். ஆபீஸ் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். நீ ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. அதனால் நான் பார்த்தது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

ரோடு கொள்ளாத கூட்டம். பெண்கள் தாம்பாளத்தில் காதோலை கருகமணி, மஞ்சள், பூ எல்லாம் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்டி தமுக்கை அடித்து நிறுத்தினான். நீ காகிதத்தைப் பிரித்தாய். உன் குரல் முதலில் வெளியே வரவில்லை. “சத்தமாச் சொல்லுங்க சாமி, காதுல விழல” என்று யாரோ கத்தினார்கள். இரண்டாவது தடவை வாசித்தபோது எனக்கு நன்றாகவே கேட்டது. அம்மா மண்டபம் ரோடு வள்ளிக்கண்ணு வீட்டில் நடந்தது சூதாட்டம், முன்பு வாசித்தது மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை, அந்தச் சொல் ரத்து செய்யப்பட்டது என்று வாசித்தாய்.

கூட்டத்தில் ஒருவன், “சூதாட்டம் இப்பவும் உண்டா?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. நான் செய்ததற்குத்தான் அவர்கள் சிரித்தார்கள்.

அவ்வளவில் நீ போயிருக்கலாம். ஆண்டி நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். நீ காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கையைத் தட்டி ஜனத்தை நிறுத்தினாய். “அந்தச் சொல்லை எழுதினது நான். இந்த வள்ளிக்கண்ணு என் கூடப்பிறந்த அண்ணன் பெண்சாதி. என் அண்ணி” என்றாய். பிறகு அடுத்த தெருமுனைக்குப் போனாய். அங்கேயும் அதையே சொன்னாய் என்று மீன்காரி வந்து சொன்னாள். மேலூர் ரோடு முனையில் சொல்லும்போது உன் தொண்டை கட்டிப்போய், பந்தலில் மோர் வாங்கிக் குடித்தாயாம்.

நோட்டீஸ் நகலை வக்கீல் எனக்குக் காட்டினார். தேடிப் பார்த்தேன். அண்ணி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

கோபம் எனக்குப் போய்விட்டது என்று நினைக்காதே. உன் அண்ணனைத் திட்ட உனக்கு வாய் வரவில்லை. செத்தவனை எப்படித் திட்டுவது என்று நீ உயிரோடு இருந்தவளைத் திட்டினாய். அவன் ஆடித் தொலைத்த பிறகு மிஞ்சியது அந்தப் பாயும் விளக்கும்தான் என்று உனக்குத் தெரியாதா? அதை வைத்துத்தான் இருசுவை வளர்த்தேன். தென்னூருக்கு வந்து உன் வீட்டுச் சோற்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருக்க என்னால் ஆகவில்லை. அது தப்பா? ராக்கம்மாளுக்கு நான் செய்தது தப்பு. அதற்கு இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, செய்துகொண்டிருக்கிறேன். காத்தான் இப்போது மாடிக்கு யாத்திரைக்காரர்களை வேறு ஒருத்தர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறான். கூலியை அவள் கையில்தான் கொடுக்கிறேன். அவள் என்னோடு இன்னும் பேசவில்லை, பேச வேண்டியதுமில்லை. உனக்கும் எனக்கும் உள்ள கணக்கு வேறு.

ஆடிப்பெருக்கு அன்று சாயங்காலம் இருசு குடத்தை எடுத்துக்கொண்டு தானாக ஆற்றுக்குப் போனாள். நான் போகச் சொல்லவில்லை. நேற்றுப் பள்ளிக்கூடம் போனாள். பெரிய டீச்சர் ஒன்றும் சொல்லாமல் பெயரைக் கூப்பிட்டாராம். சித்தப்பா சத்தம் போட்டுச் சொன்னதை டீச்சரும் கேட்டார்களா என்று என்னிடம் கேட்டாள். உன்னைச் சித்தப்பா என்று அவள் சொல்லிக் கேட்டு வெகுநாளாகிறது.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதி எழுதித்தான் இவ்வளவும் ஆயிற்று. திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டு. நானும் திட்டுவேன், அதற்குத் தயாராக வா. உள்ளே வர வெட்கமாக இருந்தால் வாசலில் நின்று கூப்பிடு. என்னவென்று கூப்பிட வேண்டும் என்று உனக்கு இப்போது தெரியும்.

வள்ளிக்கண்ணு